நாற்பத்தாறுக்கு நாற்பத்தாறு

என் அக்காவிடம் இப்போது ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி இருக்கிறது. "ஆமா."

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் குளியலறைச் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. பதினோரு நாள் வைத்திருந்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் சொன்னார், "சில பேருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிடும்மா. அவங்க எதைச் சொல்ல நினைச்சாலும் அதுதான் வெளிய வரும். ஆனா நீங்க பேசறது எல்லாம் அவங்களுக்குப் புரியும்."

முதல் நாலு நாள் எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதற்கும் ஒத்துப்போகாதவள். நான் ஜன்னலைத் திறந்தால் அவள் சாத்துவாள். நான் தண்ணீர் சுடுகிறது என்றால் அவள் ஆறிவிட்டது என்பாள். இப்போது என்ன கேட்டாலும் ஆமா. "கஞ்சி சூடா இருக்கா?" "ஆமா." "ஆறிப்போச்சா?" "ஆமா." எழுபத்தேழு வயதில்தான் எனக்கு அக்காவிடம் மதிப்பு கிடைத்தது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். ஐந்தாம் நாள், போர்வை வேண்டுமா என்று கேட்டதற்கு ஆமா ஆமா என்று சொல்லிக்கொண்டே இடது கையால் போர்வையைத் தள்ளித் தள்ளி விட்டு, கடைசியில் அக்கா அழுதாள். அதற்குப் பிறகு நான் அந்த வேடிக்கையை விட்டுவிட்டேன்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். காதில் குழாயை மாட்டிக்கொண்டு, ஊரில் யார் யாரோடு என்ன பேசுகிறார்கள் என்று முப்பது வருஷம் கேட்டும் கேட்காததுபோல உட்கார்ந்திருந்தவள். வெளியே ஒரு வார்த்தை விட்டதில்லை. வீட்டில் மட்டும் என் வாய் ஓயாது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அந்த வாய் பிடிக்கவில்லை. அக்காவைப் பார்க்க வந்தவர்களை அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு, இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டபடியே கிழவிகளாகிவிட்டோம்.

அக்கா டீச்சர். இருபது வயதில் சேர்ந்து ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றாள். முப்பத்தெட்டு வருஷமும் ஒரே பள்ளிக்கூடம், பெரும்பாலும் ஒரே வகுப்பு, நாலாம் வகுப்பு. தலைமையாசிரியை வேலை இரண்டு முறை வீடு தேடி வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். பலகையில் அவள் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். கடைசி பெஞ்சில் ஒருவன் காகிதத்தைக் கசக்கினால் திரும்பாமலே அவன் பெயரைச் சொல்வாள். அடித்ததே இல்லை. ஆனால் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தால் வகுப்பு மூச்சு விடாது.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'மூணு தடவை டீச்சர்'. எல்லா ஆசிரியைகளும் காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் வருகை எடுப்பார்கள். அக்கா வந்ததும் எடுப்பாள், சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பாள், வீட்டுக்கு விடுமுன் இன்னொரு முறை எடுப்பாள். பெயரைக் கூப்பிடுவதோடு விடமாட்டாள். ஒவ்வொரு தலையாக நிமிர்ந்து பார்த்து, அந்த முகம்தானா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பேனா இறங்கும். ஒரு பிள்ளை வராவிட்டால் உடனே வீட்டுக்கு ஆள் அனுப்புவாள். ஆள் கிடைக்காவிட்டால் இடைவேளையில் தானே குடையை எடுத்துக்கொண்டு நடப்பாள். சாயங்காலம் தெருமுனையில் நின்று கடைசிப் பிள்ளை சாலையைக் கடந்த பிறகுதான் வீட்டுக்கு வருவாள். பஸ்ஸில் ஏறினால் ஆட்களை எண்ணுவாள். கொடியில் காயும் துணிகளைக்கூட எண்ணுவாள். "பைத்தியமா உனக்கு?" என்று நான் கேட்டிருக்கிறேன். அது வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வந்த பழக்கம் இல்லை. முப்பத்தொன்றாம் வயதில் ஒரே நாளில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அந்த நாளைத்தான் நான் சொல்ல வேண்டும்.

வேலை நடக்கும் முறை இது. வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாளுக்கு ஒரு கட்டம். வந்திருந்தால் ஒரு சாய்கோடு. வராவிட்டால் அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். நாற்பத்தாறு பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கோடு போட்டால் நேரம் ஓடிவிடும் என்பதால், டீச்சர்கள் எல்லாரும் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். முதலில் மேலிருந்து கீழ்வரை கடகடவென்று எல்லாருக்கும் கோடு. அப்புறம் பெயர் கூப்பிட்டு, வராதவர்களுக்கு மட்டும் வட்டம். யாருக்கும் இதில் தப்பு தெரியவில்லை, அக்காவுக்கும்தான்.

அன்றைக்குக் கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. அக்கா நாற்பத்தாறு கோடும் போட்டு முடித்து முதல் பெயரைக் கூப்பிட வாயெடுத்தபோது பியூன் வந்து நின்றார். "அதிகாரி வந்துட்டாரு டீச்சர். பெரிய டீச்சர் பதிவேட்டை உடனே கேக்கறாங்க." ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடும் என்று நினைத்துக் கொடுத்துவிட்டாள். அது அன்றைக்கு முழுக்கத் தலைமையாசிரியையின் மேஜையை விட்டு நகரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அதிகாரியே வகுப்புக்கு வந்தார். "நாப்பத்தாறுக்கு நாப்பத்தாறா? இந்தப் பள்ளிக்கூடத்துலயே உங்க வகுப்புதான் முழு வருகை. மத்தவங்க உங்களைப் பார்த்துக் கத்துக்கணும்," என்று பிள்ளைகளைக் கை தட்டச் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா பார்த்துவிட்டாள். இரண்டாவது பெஞ்சில் ஜன்னலோரம் காலியாக இருந்தது. வரிசை எண் பதினேழு, ஒன்பது வயதுப் பெண். "ஒருத்தி வரலை சார்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அக்கா சொல்லவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்தபடி நின்றாள்.

பதினோரு மணிக்கு அந்தப் பெண்ணின் அம்மா வாசலுக்கு வந்தார். ரொட்டிக் கம்பெனியில் பொட்டலம் கட்டும் வேலை அவருக்கு. மகள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தாள். பியூன் உள்ளே போய்ப் பதிவேட்டைப் பார்த்தார். பதினேழுக்கு நேரே கோடு இருந்தது. "உள்ளதான் இருக்கா, குடுத்துடறேன்மா," என்று டப்பாவை வாங்கி, வகுப்புக்கு வெளியே மற்ற டப்பாக்களோடு வரிசையில் வைத்துவிட்டார். அந்த அம்மா நிம்மதியாக வேலைக்குத் திரும்பினார்.

நாலு மணிக்கு மணி அடித்ததும் வரிசையில் அந்த ஒரு டப்பா மட்டும் கிடந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "ஒரு குட்டியோடது. வரிசையில கிடந்துச்சு. நாளைக்குக் குடுக்கணும்," என்று சமையல்கட்டில் வைத்தாள். உள்ளே இருந்தது ஊசிப்போயிருந்தது. நான்தான் கொட்டிவிட்டுக் கழுவினேன். மூடியின் இடுக்கில் ஒட்டியிருந்ததைக்கூட விடாமல் நகத்தால் சுரண்டிக் கழுவி, துடைத்து வைத்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் செய்தி வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில், கட்டி முடிக்காத ஒரு கட்டிடத்தின் அஸ்திவாரக் குழி மழைத் தண்ணீரால் நிறைந்திருந்தது. அதில் கிடந்தாள். பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும்போது வழுக்கிவிட்டது என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். பதிவேடு அப்படித்தான் சொன்னது. பக்கத்தில் உட்காரும் பெண் மட்டும், "அவ இன்னைக்கு வரவே இல்லையே," என்று தன் வீட்டில் சொல்லியிருக்கிறாள். பயத்தில் உளறுகிறாள் என்று அவளை அதட்டிப் படுக்க வைத்தார்கள்.

மறுநாள் அக்கா அந்த வீட்டுக்குப் போனாள். உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். நான் நம்புகிறேன். கையில் கழுவிய டப்பா இருந்தது. அந்த அம்மா ஓடி வந்து அதை வாங்கித் திறந்து பார்த்தார். காலியாக, பளபளவென்று இருந்தது. "சாப்பிட்டாளா டீச்சர்?" என்று கேட்டார். அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். "முழுசா சாப்பிட்டாளா? மிச்சம் வைக்கலையா?"

அன்றைக்கும் அக்கா அந்த ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்.

அடுத்த வருஷம் அதே தேதியில் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "அன்னைக்கு என்ன பாடம் நடத்துனீங்க டீச்சர்? அவ பதில் சொன்னாளா?" என்று கேட்டார். அக்கா ஆறுகளைப் பற்றிய பாடம் என்றாள். உங்கள் மகள் கையைத் தூக்கினாள் என்றாள். அதற்கடுத்த வருஷமும் வந்தார், அதற்கடுத்த வருஷமும். ரொட்டிக்காரம்மா என்று அவருக்கு நான் பெயர் வைத்தேன். ஒவ்வொரு முறையும் அந்த நாளிலிருந்து புதிதாக ஒன்றைக் கேட்பார். பின்னல் அவிழ்ந்துவிட்டது, நானே பின்னிவிட்டேன் என்று அக்கா சொன்னாள். அதிகாரி பாட்டுப் பாடச் சொன்னார், அவள் எழுந்து பாடினாள் என்று சொன்னாள். ஒருமுறை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்கா சொன்னது எல்லாம் நடக்க வேண்டுமானால் அந்தப் பள்ளிக்கூடம் இரண்டு நாள் விடாமல் நடந்திருக்க வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பன்னிரண்டாவது வருஷம், புத்தக அலமாரியைத் துடைக்கும்போது காகித அட்டை போட்ட ஒரு பாடக்குறிப்பு நோட்டு கையில் சிக்கியது. டீச்சர்கள் நாளைக்கு என்ன நடத்தப்போகிறோம் என்று எழுதி வைக்கும் நோட்டு. அதில் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வரி இருந்தது. 'ஆறுகள். கை தூக்கினாள்.' 'பின்னல், நீல ரிப்பன்.' 'பாட்டு, இரண்டு வரி.' கடைசியாக அந்த வருஷத்துக்கு, தேதிக்கு ஒரு வாரம் முன்பே எழுதியிருந்தது: 'தோழிக்குப் பென்சில் கொடுத்தாள்.' சொன்னதை மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே என்று அக்கா குறிப்பெழுதி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?" என்று நீட்டினேன். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். முடித்துவிட்டு, "அந்த டப்பாவைக் கழுவினது நீதானே?" என்று கேட்டாள். கொட்டியது, சுரண்டியது, துடைத்தது எல்லாம் என் விரல்களுக்கு ஞாபகம் வந்தது.

நான் சும்மா விடுகிறவள் இல்லை. சொல்லிவிடு, சொல்லித் தொலை என்று வருஷா வருஷம் சண்டை போட்டேன். "நீ சொல்லியிருந்தாலும் அவ காலைலயே போயிருப்பா, யாரு காப்பாத்தியிருக்க முடியும்?" என்று சமாதானமும் சொன்னேன்.

"உனக்குத் தெரியுமா?" என்பாள்.

எனக்குத் தெரியாது. எட்டரைக்கே எல்லாம் முடிந்துவிட்டதா, அல்லது பதினோரு மணிக்கு அந்த அம்மா டப்பாவோடு வாசலில் நின்றபோது தேடப் போயிருந்தால் ஏதாவது ஆகியிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியை அக்கா யாரிடமும் கேட்கவே இல்லை. "அடுத்த வருஷம் கண்டிப்பா சொல்லிடறேன்," என்பாள். அடுத்த வருஷம் அந்த அம்மா வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிப் பார்ப்பார். அக்கா நோட்டில் எழுதி வைத்த வரியைச் சொல்வாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால், நான் அக்காவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றும் தோன்றும். இப்படியே நாற்பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது.

இந்த வருஷம் அக்கா தேதிக்கு இரண்டு மாதம் முன்பே நோட்டை எடுத்தாள். எண்பத்தொரு வயதுக் கையால் மெதுவாக எழுதி, எனக்குக் காட்டினாள். 'இந்த வருஷம்: உண்மை.'

"இதுக்கு மேல தள்ள முடியாதுடி. ஒருவேளை எனக்கு முடியாமப் போனா, நீ சொல்லணும். சத்தியம் பண்ணு."

நான் பண்ணினேன். மூன்று வாரத்தில் அவள் குளியலறையில் சரிந்தாள்.

நேற்றைக்கு அந்தத் தேதி. காலையிலேயே நோட்டை அவள் பக்கத்தில் வைத்து, "நான் சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டேன். "ஆமா." "சொல்ல வேண்டாமா?" "ஆமா." அவளுக்கே அது தாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் நோட்டைத் திறக்கச் சைகை காட்டி, அந்தக் கடைசி வரியின்மேல் விரலை வைத்துத் தட்டினாள். மூன்று முறை தட்டினாள். சரி என்றேன். அவளுக்குத் தலை வாரி, சலவைப் புடவை கட்டி, தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தேன்.

நாலு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. ரொட்டிக்காரம்மாவுக்கும் எழுபத்தெட்டு ஆகிவிட்டது. கைத்தடி ஊன்றி, ஒரு துணிப்பையோடு வந்தார். அக்கா படுக்கையில் இருப்பதைப் பார்த்துப் பதறிப்போனார். நான் விவரம் சொன்னேன், பேச்சு போய்விட்டது என்று சொன்னேன். ஒரே வார்த்தைதான் வரும், அதுவும் நினைத்த அர்த்தத்தில் வராது என்பதைச் சொல்வதற்குள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இந்த ஊரை விட்டுப் போறேன் டீச்சர். அண்ணன் மகன் வந்து கூட்டிட்டுப் போறான். ரொம்ப தூரம். இனிமே வர முடியாது. அதான் ஒரே ஒரு தடவை எல்லாத்தையும் சொல்லிப் பார்த்துக்கலாம்னு வந்தேன்."

சொன்னார். ஆறுகள் பாடம், தூக்கிய கை, நீல ரிப்பன், இரண்டு வரிப் பாட்டு, பென்சில். நோட்டில் இருந்தது ஒன்று விடாமல் அதே வரிசையில் வந்தது. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, "அப்படித்தானே டீச்சர்?" என்றார்.

"ஆமா," என்றாள் அக்கா.

அவள் கண் விரிந்திருந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டப் பார்த்தாள். கழுத்து ஒத்துழைக்கவில்லை. "சாப்பாட்டை மிச்சமே வைக்கலை, இல்லையா?" "ஆமா." "நல்லா சிரிச்சுட்டு இருந்தா, இல்லையா?" "ஆமா. ஆமா. ஆமா." இடது கை மெத்தையில் அடித்தது. அந்த அம்மா அழுகையும் சிரிப்புமாக அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். இப்போது சொல் என்று பார்த்தாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"அம்மா, ஒரு விஷயம்," என்று ஆரம்பித்தேன். "அன்னைக்கு காலைல..."

அவர் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க தங்கச்சி. நான் யார்கிட்டயும் சொன்னதில்லை, உங்ககிட்ட சொல்றேன். அவ அந்தத் தண்ணில தனியா இருந்ததை நினைச்சா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும். அதுக்கு முன்னால ஒரு நாள் முழுக்க டீச்சர்கூட சந்தோஷமா இருந்தாளே, அதை நினைச்சு நினைச்சுத்தான் இத்தனை வருஷம் எந்திரிச்சு வேலைக்குப் போனேன். காலைல என்ன?"

எக்ஸ்சேஞ்சில் எத்தனை சாவுச் செய்திக்குக் குரல் நடுங்காமல் இணைப்புக் கொடுத்திருக்கிறேன். நேற்று இந்த ஒரு செய்தியை மட்டும் என்னால் இணைக்க முடியவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அக்கா என்னை மன்னிக்கமாட்டாள் என்று தெரிந்தது. சொன்னால் இந்த அம்மா இங்கிருந்து எழுந்து ஆட்டோவரை நடக்கமாட்டார் என்றும் தெரிந்தது.

"காலைல உள்ள வரும்போதே, 'குட் மார்னிங் டீச்சர்'னு முதல்ல சொன்னது அவதானாம்," என்றேன். "அக்கா அடிக்கடி சொல்லுவா."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. அக்காவின் முகம் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது. அதற்கு மட்டும் கழுத்து ஒத்துழைத்தது.

போகும்போது அந்த அம்மா துணிப்பையிலிருந்து ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். அப்புறம் ஒரு பழைய துணியில் சுற்றியிருந்ததை எடுத்துப் பிரித்தார். அந்த டப்பா.

"போற இடத்துல இதை யாரு பத்திரமா வச்சுப்பாங்க. ஏதோ பழசுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. உங்ககிட்டயே இருக்கட்டும். அன்னைக்கு எவ்வளவு சுத்தமா கழுவிக் குடுத்திருந்தீங்க. அதுக்கப்புறம் நான் இதுல ஒண்ணுமே போட்டதில்லை."

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். திரும்பி வந்து, இனி இதைச் சொல்வதற்கும் ஆள் இல்லை, கேட்பதற்கும் ஆள் இல்லை என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா சுவரைவிட்டுத் திரும்பவில்லை.

இன்றைக்குக் காலையிலும் திரும்பவில்லை. கஞ்சி வேண்டுமா என்றேன், ஆமா என்றாள், வாயைத் திறக்கவில்லை. டப்பாவை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கண்ணில் படுகிற மாதிரி வைப்பதா, படாமல் வைப்பதா.

"அலமாரியில வைக்கட்டுமாக்கா?"

"ஆமா."

"வேண்டாமா? உள்ள எங்கயாவது வச்சுடட்டுமா?"

"ஆமா."

கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.